வெளியே வராத காற்று

கம்ப்யூட்டர் பிராசஸரின் சூடு இருபத்தெட்டு டிகிரி என்று, அதன்மேல் பூட்டிய கூலரின் தலையில் இருந்த சின்னத் திரை காட்டியது. அதுதான் அவரை உறுத்தியது. அறையின் சூடே முப்பத்திரண்டு. அறைக்காற்றை ஊதித்தான் ஃபேன் பிராசஸரைக் குளிர்விக்கிறது. அந்தக் காற்றைவிட அது எப்படிக் குளிர்ந்துபோகும்?

காலையில் தொண்ணூற்றாறில் கொதித்துக்கொண்டிருந்தது. வீட்டு வரைபடங்கள் போடுகிறவர் அவர்; மாலை ஆறுக்குள் படங்களை அனுப்பியாக வேண்டும். தானே பாகம் பாகமாக வாங்கிப் பூட்டிய கம்ப்யூட்டரோ பாதி வேலையில் சூடேறி அணைந்தது. கூலரைக் கழற்றி, சூட்டைக் கடத்தும் பழைய பேஸ்ட் காய்ந்திருந்ததைத் துடைத்து, பட்டாணி அளவு புதிதாக வைத்து, நான்கு ஸ்க்ரூக்களையும் மூலைக்கு மூலை மாற்றி முறுக்கினார். அதோடு விட்டாரா? தூசி என்றால் அவருக்கு ஜென்மப் பகை. ஜன்னல் இடுக்கெல்லாம் டேப், கதவைச் சுற்றி ரப்பர் பட்டை.

"எறும்புக்குக்கூட வழி இல்லாமப் பண்ணிட்டீங்க. நீங்க எப்படி வெளிய வருவீங்க?" என்றாள் மனைவி. அவர் சிரித்துக்கொண்டே கதவைச் சாத்தினார்.

இப்போது இருபத்துமூன்று. புதுப் பேஸ்ட்டின் மருந்து நெடி மெல்ல மெல்லக் குறைந்து, வியர்வையின் வாசனைகூட இல்லாமல்போய், யாரோ நீளமாக மூச்சை இழுத்துக்கொண்டே இருப்பது போன்ற ஃபேனின் இரைச்சல் மட்டும் அறையில் மிஞ்சியது.

டிஷ்யூ பேப்பரைக் கம்ப்யூட்டர் கேபினட்டின் முன்பக்கம் பிடித்தார். ஒட்டிக்கொண்டது. சரிதான், முன்னால் இழுத்துப் பின்னால் தள்ள வேண்டும். பின்னால் பிடித்தார். அங்கேயும் ஒட்டிக்கொண்டது. ஃபேனைத் திருப்பி மாட்டிவிட்டோமோ என்று குனிந்து பார்த்தார். சட்டத்தில் இருந்த அம்புக்குறி வெளிப்பக்கமே காட்டியது. போகிற காற்று எங்கிருந்தும் திரும்பி வரவில்லை.

அவருக்குப் பயம் வந்துவிட்டது. பட்டனை அழுத்தினார். சுவிட்சை அணைத்தார். பிளக்கையே பிடுங்கினார்.

ஃபேன் சுற்றியது. பதினாறு.

கதவை வெளியே தள்ளினார். அசையவில்லை. தோளால் இடித்தார். காது அடைத்தது. ஜன்னல் டேப் உள்பக்கமாக விம்மி நின்றது. கண்ணாடியை உடைக்க நாற்காலியைப் பிடித்தார். கை எழவில்லை. தரையில் சரிந்தார்.

"ஏங்க!" வெளியே கைப்பிடி ஆடியது. "கதவு ஏன் இப்படி இறுகிக் கெடக்கு? பாப்பாவ ஸ்கூல்ல இருந்து கூட்டிட்டு வரக் கெளம்பிட்டேன். உள்ளதான இருக்கீங்க?"

போகாதே. வாயைத் திறந்தார். சத்தம் போடக் காற்று இல்லை. தரையில் நகத்தால் கீறினார். ரப்பர் பட்டை அந்தச் சத்தத்தையும் வெளியே விடவில்லை.

ஒன்பது.

பிறகு எண் ஏறியது. இருபது. முப்பது. முப்பத்தேழில் நின்றது.

பின்பக்கம் ஒட்டியிருந்த டிஷ்யூ விடுபட்டுப் பறந்தது. முதல் முறையாக அங்கிருந்து காற்று வந்தது. வெதுவெதுப்பாக, அவருடைய குரலில்.

"இருக்கேன்மா. வேலை இன்னும் முடியல. நீ போயிட்டு வா."

"சரி, ரொம்ப இழுத்துப்போட்டுச் செய்யாதீங்க."

செருப்புச் சத்தம் தேய்ந்தது. வாசல் கதவு பூட்டப்பட்டது.

தரையில் கிடந்த டிஷ்யூ நகர்ந்தது. அவர் கன்னத்தை உரசிக்கொண்டு போய், ஃபேனில் மறுபடி ஒட்டிக்கொண்டது.