மோடத்தில் சேமித்தது

ஜலஜா என்டரைத் தட்டுவதற்கு முன்பே, மோடத்தோடு இணைத்த லாப்டாப் திரையில் OK வந்துவிட்டது.

முப்பது வருடம் டெலிபோன் ஆபீஸில் மோடங்களோடு மல்லுக்கட்டியவள் அவள். கேட்பதற்கு முன்னால் பதில் சொல்லும் மோடத்தைப் பார்த்ததில்லை. பழைய சாமான், ஏதோ கோளாறு என்று விட்டுவிட்டாள். அண்ணன் அச்யுத் இறந்துபோய்ப் பதினைந்து நாளாகிறது. அன்றிலிருந்து அவளுக்கு எதுவுமே உறைக்கவில்லை, காபியின் சூடுகூட.

ஆழ்வார்பேட்டை ஃபிளாட்டின் அந்த அறையில் மத்தியான வெயில் திரைச்சீலை வழியே வடிந்து, டெட்டாலும் தைலமும் கலந்த வாடையோடு தேங்கிக் கிடந்தது. பக்கத்து அறையில் அண்ணன் மகள் சாருலதா அட்டைப்பெட்டிகளுக்கு டேப் ஒட்டும் சத்தம் விட்டுவிட்டுக் கேட்டது.

படுத்த படுக்கையான அண்ணனுக்குப் பகலில் பார்த்துக்கொள்ள ஆள் உண்டு. ராத்திரிக்கு ஜலஜா செய்து கொடுத்த ஏற்பாடு இது: கட்டிலோரப் பொத்தானை அழுத்தினால் மோடம் தானே டயல் செய்து, மேல்மாடியில் தூங்கும் அவள் செல்லை எழுப்பும். ஒரு ராத்திரி பதினோரு தடவை எழுப்பினார். தண்ணீர், போர்வை, அப்புறம் சும்மா. மறுநாள் சலித்துப்போய் &D0 என்று அடித்தாள். பொத்தானைக் கண்டுகொள்ளாதே என்று அர்த்தம். ஒரே ஒரு ராத்திரிக்குத்தான்; காலையில் மோடத்தை அணைத்துப் போட்டால் பழையபடி ஆகிவிடும். ஆனால் கை சும்மா இருக்குமா? பழக்கதோஷத்தில், சேமித்துக்கொள் என்கிற &W-வையும் சேர்த்துத் தட்டிவிட்டது. யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். இவள் சறுக்கியதில் பொத்தான் மூன்று ராத்திரி செத்துக் கிடந்தது. மூன்றாவது ராத்திரியில் அண்ணன் போனார்.

இது யாருக்கும் தெரியாது. சாரு இந்த மோடத்தை வேறொரு நோயாளி வீட்டுக்குக் கொடுக்கப் போகிறாள். வாங்க வருகிறவன் விஷயம் தெரிந்தவன், பார்த்தால் சொல்லிவிடுவான். அதற்குள் அழித்தாக வேண்டும்.

AT&F&W. ஆதி நிலைக்குத் திரும்பு, சேமி. OK என்றது.

சேமித்ததைக் காட்டச் சொன்னாள். &D0.

மறுபடி அழித்தாள். OK. மறுபடி பார்த்தாள். &D0.

“அத்தை, ஆச்சா?”

“ஆயிண்டே இருக்கு, சாரு.”

குரல் வேறு யாருடையதோ போலிருந்தது. பயம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. கரண்ட் பிளக்கைப் பிடுங்கினாள். டெலிபோன் ஒயரையும் பிடுங்கினாள்.

மோடத்தின் சிவப்பு விளக்கு எரிந்தது.

அதன் ஸ்பீக்கரில் டயல் டோன். பிறகு எண்கள். ஒவ்வொன்றாக. பத்து.

ஹாலில் அவள் செல் அடித்தது.

“சாரு, எடுக்காதே!”

டேப் சத்தம் நின்றது. காலடிகள். ஹாலுக்குப் போயின. திரும்பி வந்தன.

சாருலதா வாசற்படியில் நின்றாள். ஒரு கை காதோடு. முகத்தில் ஒன்றுமில்லை.

“அத்தை, அப்பா பேசறார். ‘ஒரு ராத்திரிக்குத்தானே? ஏண்டி சேவ் பண்ணினே?’ன்னு கேக்கறார்.”

ஜலஜா பிடுங்கிய ஒயரைக் கையில் பிடித்தபடி மோடத்தைப் பார்த்தாள்.

“சொல்லுங்கோ அத்தை. அப்பா காத்துண்டிருக்கார்.”

ஹாலில் செல் இன்னும் அடித்துக்கொண்டேயிருந்தது. சாருவின் காதில் அழுந்தியிருந்தது வெறும் உள்ளங்கை.