பதினேழாவது குறியீடு

காலை ஒன்பது மணிக்கு அந்த வார்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். ஆஸ்பத்திரி மூடிப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. முதல் மாடியை மட்டும் மறுபடி திறக்கப் போகிறார்கள். பழைய மின் வரைபடத்தைச் சுவரோடு ஒப்பிட்டுப் பார்த்து, எங்கள் அலுவலகத்தின் குறியீடுகளுக்கு மாற்றித் தருவது என் வேலை. சுவரை வெட்டி வயர் மாற்றுவது என் தம்பியின் வேலை. அவன் எலக்ட்ரீஷியன்.

படியேறும்போதே ஈரச் சுண்ணாம்பு வாடை. அதற்கு அடியில் பினாயில்.

மாடியின் அமைப்பு எளிது. நீண்ட நடைவழி. இந்த முனையில் நர்ஸ் அறை, அந்த முனையில் துணி அறை. நடுவில் ஒரு பக்கம் வார்டின் கதவு, எதிரே கட்டுப் போடும் அறை. நடக்க முடியாதவர்களுக்கான வார்டு அது. நர்ஸ் அறையில் ஒரு மேசை மிச்சமிருந்தது. மடிக்கணினியை அதன்மேல் வைத்தேன். மெயினை இறக்கியிருந்தார்கள். கட்டடத்தில் துளி மின்சாரம் இல்லை.

"வந்துட்டியா? கடுகு உன்னைத்தான் தேடுது," என்றான் தம்பி.

கடுகு என்றால் சூப்பர்வைசர். பெயர் வைத்தது தம்பிதான். எண்ணெய் காய்வதற்கு முன்பே வெடிப்பாராம்.

"மெதுவா பேசுடா. காதுல விழப்போகுது."

"விழட்டும். பேர் வச்சதுக்கு ஒரு மரியாதை வேணாமா?"

பழைய வரைபடத்தின் மூலை கிழிந்திருந்தது. எந்தக் குறியீட்டுக்கு என்ன பொருள் என்று சொல்லும் பட்டியல் அந்த மூலையோடு போயிருந்தது. விளக்கு, விசிறி, சுவிட்சு எல்லாம் பார்த்தாலே தெரிந்தன. ஒன்று மட்டும் தெரியவில்லை. சிறு வட்டம், உள்ளே ஒரு குறுக்குக் கோடு. வார்டில் பதினாறு இடங்களில், ஒவ்வொரு கட்டிலின் தலைமாட்டிலும் ஒன்று.

தெரியாத குறியீட்டை மாற்றக் கூடாது. எங்கள் தொழிலில் முதலில் சொல்லித் தருவது அதுதான். சூப்பர்வைசரிடம் கேட்டேன்.

"பிளக் பாயிண்ட்டுனு போடும்மா."

"இது பிளக் பாயிண்ட் மாதிரி தெரியல சார். ஒரு சுவரை வெட்டிப் பாத்துட்டு மாத்தறேனே."

"உங்களை யோசிக்கவா கூப்பிட்டேன்? வரையத்தானே கூப்பிட்டேன். பத்து நிமிஷத்துல எனக்கு எண்ணிக்கை வேணும்."

கதவைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

பழைய வரைபடத்தை அப்படியே மடிக்கணினியில் ஏற்கனவே வரைந்து வைத்திருந்தேன். இந்த மென்பொருளில் ஒரு குறியீட்டின் வடிவத்தை ஓரிடத்தில் மாற்றினால் போதும். வரைபடம் முழுவதும் மாறிவிடும். வட்டத்தை அழித்தேன். ஓர் அரைவட்டம் வரைந்து, அதன் முதுகில் ஒரு கோடு போட்டேன். பிளக் பாயிண்டுக்கு எங்கள் அலுவலகத்தின் குறி அது. சுவரை ஒட்டி மட்டுமே நிற்க வேண்டும் என்று விதி கொடுத்தேன். தரையிலிருந்து உயரம் என்ற கட்டத்தில் நானூற்றைம்பது மில்லிமீட்டர் என்று எழுதினேன். சேமித்தேன்.

பழைய வடிவத்தை நகல் எடுத்து வைக்கவில்லை. அவசரம்.

பதினாறும் ஒரே கணத்தில் மாறின. எண்ணிக்கை அட்டவணையைத் திறந்தேன்.

பதினேழு.

ஒவ்வொன்றாகத் தேடினேன். பதினேழாவது வார்டின் கடைசி மூலையில் இருந்தது. நான் வைக்கவில்லை. அதன் உயரம் மட்டும் வேறாக இருந்தது. தொண்ணூறு. தொண்ணூறு மில்லிமீட்டர் என்றால் ஓர் உள்ளங்கை அகலம். அந்த உயரத்தில் யாரும் எதையும் பொருத்த மாட்டார்கள்.

எழுந்து வார்டுக்குப் போனேன். கட்டில்கள் இல்லை. அவை நின்ற இடத்தில் தரையில் நான்கு நான்கு துரு வட்டங்கள். கடைசி மூலையில் வெறும் சுவர். ஆனால் தரையிலிருந்து ஓர் உள்ளங்கை உயரத்துக்குப் பெயிண்ட் தேய்ந்திருந்தது. மூலையில் தொடங்கி, சுவரோடு ஒட்டி, கதவுவரை அந்தத் தேய்வு போயிற்று.

குனிந்து தொட்டுப் பார்த்தேன். ஈரமாக இருந்தது.

திரும்பி வந்தபோது தம்பி என் மேசையில் உட்கார்ந்திருந்தான். கையில் துருப்பிடித்த ஓர் இரும்புப் பெட்டி. நடுவில் வெள்ளைப் பொத்தான்.

"உன் பிளக் பாயிண்ட்டைப் பாரு. மூணாவது கட்டில் சுவத்துல இருந்துச்சு. இது பெல் சுவிட்சு அக்கா. நோயாளி அமுக்கினா நர்ஸ் வரணும்."

"பெல் எங்க? இந்த ரூம்ல ஒண்ணும் இல்லையே."

"அதான் கூத்து. வயர் பைப் போற வழியைப் பாத்துட்டேன். துணி ரூமுக்குப் போகுது. நாலு பக்கமும் போர்வை அடுக்கியிருக்கற ரூம்ல பெல்லை மாட்டியிருக்காங்க. யாருக்குக் கேக்கும்?"

"ஏன் அப்படி?"

"கேக்கக் கூடாதுன்னுதான்." பொத்தானை ஒரு முறை அமுக்கினான். உள்ளே ஸ்பிரிங் முனகியது. "அந்தப் பெல்லையும் போய்க் கழட்டிட்டு வந்துடறேன். இது இல்லைன்னு உன் படத்துலயும் ஆயாச்சு. சுவத்துலயும் இல்லாம பண்ணிட்டா வேலை முடிஞ்சுது."

உளியையும் சுத்தியலையும் எடுத்துக்கொண்டு போனான். நடைவழியின் கடைசியில் துணி அறைக் கதவு திறக்கும் ஓசை கேட்டது. கொஞ்ச நேரத்தில் சுத்தியல் அடிக்கத் தொடங்கியது. சீரான அடி. கட்டுப் போடும் அறையில் சூப்பர்வைசர் போனில் யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். ஜன்னலில் நல்ல வெயில்.

திரையைப் பார்த்தேன்.

பதினேழாவது குறியீடு மூலையில் இல்லை. வார்டின் கதவருகே இருந்தது.

அழித்தேன். போய்விட்டது. அட்டவணை பதினாறு என்றது. பிறகு பதினேழு என்றது.

இப்போது அது வார்டுக்கு வெளியே, நடைவழியின் சுவரில் இருந்தது. அரைவட்டத்தின் வயிறு துணி அறையைப் பார்த்துத் திரும்பியிருந்தது. உயரம் தொண்ணூறு.

எழுந்து கதவுக்குப் போனேன். நடைவழியில் யாரும் இல்லை. ஆனால் தரையோரமாக ஒரு சத்தம். நனைந்த துணியை இழுப்பது போல. கொஞ்சம் இழுபடும். நிற்கும். பிறகு மறுபடி.

பினாயில் வாடை கனத்தது.

நடைவழிக்குள் காலை வைக்க முடியவில்லை. தம்பியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. துணி அறையில் சுத்தியல் நிற்காமல் அடித்தது. போன் செய்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது. அவன் எடுக்கவில்லை. வேலை செய்யும்போது எடுக்க மாட்டான்.

மேசைக்கு ஓடி வந்தேன்.

உயரம் அறுநூறு.

துணி அறைக்குப் பாதி தூரம் போயிருந்தது. கட்டுப் போடும் அறையின் கதவைத் தாண்டிவிட்டது. அடுத்தது துணி அறைதான்.

உயரம் ஆயிரத்து நூறு.

எழுந்துகொண்டிருந்தது.

குறியீட்டைப் பிடித்து இழுத்தேன். வார்டின் மறுகோடிச் சுவரில் கொண்டுபோய் வைத்தேன். மூன்று மூச்சு நேரம் அங்கே நின்றது. பிறகு பழைய இடத்திலேயே இருந்தது. இல்லை, இன்னும் முன்னால். மறுபடி இழுத்தேன். மாடிப்படிச் சுவரில் வைத்தேன். அங்கேயும் நிற்கவில்லை. ஆளில்லாத சுவர் அதற்கு வேண்டாம்.

உயரம் ஆயிரத்து ஐந்நூறு. நின்றுகொண்டிருக்கும் ஒருவரின் கண் உயரம்.

துணி அறையின் கதவுச் சட்டத்தில் அது ஒட்டியது.

சுத்தியல் நின்றது.

"யாரு?" என்றான் தம்பி. தூரத்தில், சாதாரணமாக. சூப்பர்வைசர் வந்திருக்கிறார் என்று நினைத்திருப்பான்.

அந்த மாடியில் நாங்கள் மூன்று பேர். தம்பி ஓர் அறையில். நான் ஓர் அறையில். மூன்றாவது அறையில் ஒருவர் போனில் கத்திக்கொண்டிருந்தார். அவர் நிற்கும் சுவர் எதுவென்று அவர் குரலை வைத்தே சொல்ல முடியும்.

யோசித்தேன் என்று சொன்னால் பொய்.

குறியீட்டைப் பிடித்தேன். இழுத்தேன். கட்டுப் போடும் அறையின் கிழக்குச் சுவரில் விட்டேன்.

மூன்று மூச்சு. நான்கு. ஐந்து.

அது அங்கேயே நின்றது.

சூப்பர்வைசரின் குரல் ஒரு வார்த்தையின் நடுவில் அறுந்தது. அலறல் இல்லை. போன் தரையில் விழும் சத்தம். பிறகு ஒரு கட்டில் சுவரில் மெதுவாக முட்டுவது போல ஒரு சத்தம். அந்த அறையில் கட்டில் கிடையாது.

துணி அறையில் சுத்தியல் மறுபடி அடிக்கத் தொடங்கியது.

தம்பிதான் அவரை முதலில் பார்த்தான். கிழக்குச் சுவரைப் பார்த்தபடி தரையில் உட்கார்ந்திருந்தார். வலது கை சுவரில் இருந்தது. கட்டைவிரல் சுவரை அமுக்கிக்கொண்டிருந்தது. நகம் இல்லை. அமுக்கிய இடத்தில் சுண்ணாம்பு குழிந்து, குழிக்குள் சிவப்பாக இருந்தது. எத்தனை முறை அமுக்கியிருந்தால் அப்படிக் குழியும் என்று தெரியவில்லை. அவர் குரல் நின்று இரண்டு நிமிடம்தான் ஆகியிருந்தது.

குழி தரையிலிருந்து நானூற்றைம்பது மில்லிமீட்டர். நான் அளந்தேன்.

மாரடைப்பு என்றார்கள். கையை மடக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது.

தம்பி படிக்கட்டில் உட்கார்ந்து அழுதான். "கடுகுன்னு சொன்னேனே அக்கா. காலையிலகூடச் சொன்னேனே."

"விடுடா."

"உனக்கு ஒண்ணும் கேக்கலையா? பக்கத்துல நீதானே இருந்தே?"

"கேக்கல."

"என் ரூமுக்கு யாரோ வந்தாங்க. கதவுல நின்னாங்க. திரும்பிப் பாத்தா இல்ல. அவர்தான்னு நினைச்சேன்."

மேசைக்குத் திரும்பிப் போனேன். மடிக்கணினியை மூடுவதற்கு முன் அட்டவணையைப் பார்த்தேன்.

பதினெட்டு.

வேலை வேறு ஒப்பந்தக்காரருக்குப் போயிற்று. வரைபடத்தை அனுப்பச் சொன்னார்கள். கோப்பு கெட்டுவிட்டது என்று சொல்லிவிட்டேன். கெடவில்லை. என்னிடம்தான் இருக்கிறது. தினமும் காலையில், தம்பி வேலைக்குக் கிளம்புவதற்கு முன் அதைத் திறக்கிறேன். கட்டுப் போடும் அறையின் கிழக்குச் சுவரில் இரண்டு அரைவட்டங்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். இரண்டும் இருந்தால் அவனைப் போகவிடுவேன்.

"தினம் அதுல என்னதான் பாப்பே?" என்று கேட்பான். "ஜோசியமா?"

"ஆமா. உனக்குக் கல்யாண யோகம் இருக்கான்னு பாக்கறேன்."

"இருக்கா?"

"கிளம்புடா."

ஏழு மாதம் இப்படிப் போயிற்று. இன்று காலை எனக்குக் காய்ச்சல். எழுந்தபோது பத்து மணி. அவன் போய்விட்டிருந்தான். கோப்பைத் திறந்தேன்.

கிழக்குச் சுவர் வெறுமையாக இருந்தது. நடைவழியில் தேடினேன். வார்டில், படிக்கட்டில், நான் உட்கார்ந்திருந்த அறையில் தேடினேன். அட்டவணையைப் பார்த்தேன்.

பதினாறு.

அந்த இரண்டும் வரைபடத்திலேயே இல்லை.

தம்பிக்குப் போன் செய்தேன். முதல் மணியிலேயே எடுத்தான்.

"சொல்லு அக்கா. காய்ச்சல் எப்படி இருக்கு?"

"எங்கடா இருக்கே?"

"சைட்லதான். புது வீடு. இன்னும் பூச்சுகூட ஆகல."

"கூட யாரு?"

"யாரும் இல்ல, நான் மட்டும்தான். மேஸ்திரி மத்தியானம் வருவார். ஏன், குரல் ஒரு மாதிரி இருக்கு?"

"வெளிய வா. எல்லாத்தையும் போட்டுட்டு ரோட்டுக்கு வா. இப்பவே."

"என்ன ஆச்சு உனக்கு?" சிரித்தான். பிறகு சிரிப்பு நின்றது. "இரு. உள்ள யாரோ கூப்பிடறாங்க. என்னன்னு கேட்டுட்டு வரேன்."

"போகாதடா."

போனை அவன் எங்கோ வைத்துவிட்டான். அணைக்கவில்லை. மணல் நெரியும் தரையில் அவன் நடந்து போவது கேட்டது. ஒருவனுடைய காலடி.

பிறகு மூன்று பேருடையது.