வசிக்கத் தகுதியான வீடு

காலை ஆறு மணிக்குக் கைத்திரையைத் திறந்து கடற்கரைகளின் எண்களைப் பார்ப்பதுதான் ஞானசௌந்தரியின் முதல் வேலை. புத்தளம் முப்பத்தொன்று. மன்னார் முப்பத்திரண்டு. தூத்துக்குடி முப்பத்து மூன்றரை. இவை ஈரவெப்ப எண்கள். காற்றின் சூட்டையும் ஈரத்தையும் சேர்த்துப் பார்ப்பவை. முப்பத்து மூன்றைத் தாண்டினால் வியர்வை உலராது. நிழலில் சும்மா உட்கார்ந்திருப்பவர்கூட மாலைக்குள் செத்துப்போகலாம்.

அவள் தொழிலாளர்கள் கூடும் பெரட்டுக்களத்துப் பலகையில் ‘தூத்துக்குடி’ என்று எழுதினாள். கொழுந்து பறிக்கப் போகுமுன் ஆள்கணக்குக் கொடுக்க வந்த பெண்கள் அதைப் பார்த்துவிட்டு, வீட்டில் எத்தனை பாய் இருக்கிறது என்று பேசிக்கொண்டே மலையேறினார்கள்.

இலங்கை மலையகத்தில் அட்டனுக்கு மேலே உள்ள வெண்பாறைத் தேயிலைத் தோட்டத்தில் 2091ஆம் ஆண்டின் வழக்கமான காலை அது. கடல் சுட்டதும் ஊர்கள் காலியாகி, எல்லைகளில் துப்பாக்கி வெடித்த வருடங்களுக்குப் பிறகு, வங்கக்கடல் நாடுகள் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. வெப்ப நாட்களில் கடற்கரை மனிதர்கள் எந்த நாட்டு மலைக்கும் ஏறலாம். கடவுச்சீட்டு தேவையில்லை, சான்றளித்த படுக்கை இருந்தால் போதும். அந்தப் படுக்கைகளை எழுதிவைக்கும் தஞ்சப் பதிவாளர்தான் சௌந்தரி.

கொடைக்கானலும் வால்பாறையும் நிரம்பிவிட்டிருந்தன. அன்று மாலையே தூத்துக்குடியிலிருந்து கப்பல் புறப்பட்டது. மறுநாள் பதினொரு மணிக்கு எட்டு பஸ்கள் மலைக்குக் கீழே கினிகத்தேனைச் சோதனைச் சாவடியில் வந்து நின்றன. சான்று இல்லாமல் மேலே விடமாட்டார்கள். முந்நூற்று நாற்பது பேர். மலை விடுதிகள் எல்லாம் ‘இடமில்லை’ என்று சொல்லிவிட, சௌந்தரி தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்து வரிசை வீடுகள் இருநூற்றுப் பன்னிரண்டையும் பட்டியலில் சேர்த்து அனுப்பினாள்.

பன்னிரண்டு மணிக்கு உடன்படிக்கையின் பாதுகாப்புப் பிரிவிலிருந்து ஆய்வாளர் அருள்வேந்தன் ஜீப்பில் வந்து இறங்கினார். திருச்சிக்காரர். லயத்தின் முதல் அறைக்குள் குனிந்து நுழைந்தார். பத்தடிக்குப் பன்னிரண்டடி. ஒழுகும் தகரம், புகை பிடித்த சுவர். வெளியே பன்னிரண்டு குடும்பத்துக்கு ஒரே குழாய்.

“இத படுக்கைன்னு எழுத முடியாதும்மா,” என்றார். “மனுஷங்க வசிக்கத் தகுதியில்லாத எடம்.”

“அப்ப நாங்க யாரு சேர்?”

அவர் குழாய்ப் பக்கம் திரும்பினார். பிறகு குரலைத் தாழ்த்தினார். “நெருக்கமான எடத்துல புதுசா முந்நூறு பேர விட்டா கலவரம் வரும்னு மேலிடம் நினைக்குது. நான் ஒரு வழி சொல்றேன். தகுதியில்லன்னு முத்திரையோட சான்று தர்றேன். அது கையில இருந்தா தொண்ணூறு நாள்ல அரசாங்கம் உங்களுக்குப் புது வீடு கட்டித் தரணும். உடன்படிக்கையோட இருபத்தெட்டாம் பிரிவு. பஸ்ஸுங்க மட்டும் திரும்பிப் போகட்டும்.”

அந்தச் சான்றுக்காகப் பதினோரு வருடமாக மனு எழுதியவள் சௌந்தரி. “நான் மட்டும் முடிவெடுக்க ஏலாது சேர்,” என்று சொல்லிவிட்டு மலைக்கு ஓடினாள்.

பெண்கள் கூடையை இறக்காமலே கேட்டார்கள். முதலில் பேசியது வீரம்மா. போன மழையில் கூரை விழுந்து இடது கை ஒடிந்தவள்.

“சும்மா சொல்லக்கூடாது சௌந்தரி, எனக்குக் கூரை வேணும். இத விட்டா இன்னொரு தடவ கெடைக்குமா?”

“கெடைக்காதுக்கா.”

“பஸ்ஸுல குளிரு எத்தன மணி வரைக்கும் தாங்கும்?”

“ரெண்டு மணி வரைக்கும். அப்புறம் பேட்டரி தீந்துரும். கீழ சாவடியிலயும் வெக்கதான்.”

“இப்ப மணி என்னா?”

“பன்னெண்டே முக்கா.”

வீரம்மா நெற்றியில் மாட்டியிருந்த கூடைக் கயிற்றைக் கழற்றினாள். “எம்பேருல நாலு பேர எழுது. நம்மள வச்சு அந்த சனத்த வெரட்ட இவன் யாரு? வாங்கடி, அவன் மொகத்தப் பாத்தே சொல்லுவோம்.”

நூறு பெண்கள் ஜீப்பைச் சுற்றி நின்றார்கள். யாரும் கத்தவில்லை. சௌந்தரி படிவத்தை நீட்டினாள்.

“தகுதின்னு போடுங்க சேர். இல்லாட்டி இங்க பொறந்து செத்த அத்தன பேரயும் மனுஷங்க இல்லன்னு எழுதிட்டு, அதுக்குக் கீழ உங்க பேரப் போடுங்க.”

அருள்வேந்தன் இரண்டு முறை மேலிடத்தை அழைத்தார். ‘நிலுவை என்று எழுது’ என்றார்கள். அப்படி எழுதினால் பஸ் அங்கேயே நிற்கும் என்பது அவருக்குத் தெரியும். ஒன்று இருபதுக்குத் ‘தகுதி’ என்று எழுதிக் கையெழுத்திட்டார். பஸ்கள் மலையேறின.

வந்தவர்களில் இசக்கியம்மாள் என்ற உப்பளத் தொழிலாளி வீரம்மா வீட்டில் தங்கினாள். இரண்டாம் நாள் மழை பெய்தது. ராத்திரி முழுக்கச் சட்டி வைத்துத் தண்ணீர் பிடித்தவள், காலையில் சௌந்தரியைத் தேடி வந்தாள்.

“ஏ தாயி, கப்பல்ல ஒரு தாளு தந்தாவ. தங்குற எடத்துல கொறை இருந்தா எழுதணுமாம்லா?”

சௌந்தரி தாளை வாங்கிப் படித்தாள். விருந்தினர் புகார்ப் படிவம். சான்றளித்த வீட்டில் தஞ்சம் பெற்றவர் எழுதும் ஒவ்வொரு குறையையும் தஞ்சம் தந்த நாடு அறுபது நாளில் சரிசெய்ய வேண்டும். தவறினால் உடன்படிக்கை மன்றம் கேள்வி கேட்கும். அந்த உரிமை வந்து தங்கியவர்களுக்கு மட்டும்தான். அங்கேயே வாழ்பவர்களுக்குக் கிடையாது.

“எழுதினா உங்களுக்குச் சங்கடமா தாயி?” என்று இசக்கியம்மாள் தயங்கினாள். “சோறு போட்ட வீட்டக் கொறை சொல்ல மனசு வரல.”

“சொல்லுங்கக்கா,” என்றாள் சௌந்தரி. அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. “ஒண்ணு விடாம சொல்லுங்க.”

லயம் லயமாகச் செய்தி போனது. எழுதத் தெரியாதவர்களுக்குத் தெரிந்தவர்கள் எழுதினார்கள். கூரை, குழாய், கழிவறை, புகை, சுவர் வெடிப்பு. வீட்டுக்காரப் பெண்களே பக்கத்தில் நின்று விட்டுப்போனதை எடுத்துக்கொடுத்தார்கள்.

கடற்கரையில் வெப்பம் தணிந்து, வந்தவர்களோடு பஸ்கள் மலையிறங்கிய நாளில் அருள்வேந்தன் சாவடியில் நின்றார். சௌந்தரி முந்நூற்று நாற்பது படிவங்களையும் அவர் மேசையில் வைத்தாள். மேலே இருந்தது இசக்கியம்மாளுடையது. ‘இந்தக் குறையை எத்தனை நாள் அனுபவித்தீர்கள்?’ என்ற கேள்விக்குக் கோணல் எழுத்தில் பதில் இருந்தது: ‘நான் நாலு நாள். இவுக இருநூத்தம்பது வருசம்.’

“தகுதின்னு கையெழுத்துப் போட்டது நான்,” என்றார் அவர். “இது அத்தனையும் எம்மேலதான் வரும்.”

“தெரியும் சேர்.”

அவர் முத்திரையை எடுத்து, முந்நூற்று நாற்பதிலும் ‘பெறப்பட்டது’ என்று ஒவ்வொன்றாகக் குத்தத் தொடங்கினார். அவள் கடைசித் தாள்வரை அங்கேயே நின்று எண்ணிக்கொண்டிருந்தாள்.