தினமும் ஒரு வாளி

சேறு சொட்டும் மரக்கன்று ஒன்றை யாராவது உங்கள் மேசையில் கொண்டுவந்து போட்டால், அதுவும் அன்று காலைதான் மறுபடியும் அச்சாகி வந்த துண்டுப் பிரசுரங்களின் மேலே போட்டால், காதல் வருமா? அவளுக்குக் கோபம்தான் வந்தது.

அவள் மாநகராட்சியின் மரம் நடும் பிரிவில் மொழிபெயர்ப்பாளர். கன்றைப் போட்டவன் நாற்றுப்பண்ணையில் வேலை பார்ப்பவன், முழங்கை வரை மண். நீளமான குடியிருப்புத் தெரு ஒன்றில் நட்ட கன்றுகள் வேர் அழுகிச் சாகின்றன, உங்கள் பிரசுரத்தில் என்னதான் எழுதியிருக்கிறது என்று அலுவலகத்தின் பொது மொழியில் அவன் கேட்டான். கேட்ட தொனி அவளுக்குப் பிடிக்கவில்லை.

"சரியான முசுடு... காலங்காத்தால வந்து வாய்க்குது பாரு" என்று தமிழில் முணுமுணுத்தாள்.

அவன் நிமிர்ந்தான். "முசுடுதான். ஆனா காது நல்லாக் கேக்கும்."

அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். இத்தனை மொழி புழங்கும் கட்டடத்தில் இரண்டு வருடமாக அவள் தமிழில் முணுமுணுத்து வருகிறாள். ஒருவரும் பதில் சொன்னதில்லை. மண் அப்பிய அந்த முகத்தில் கண்கள் மட்டும் கழுவி வைத்த மாதிரி இருந்தன... சே, இப்போது அதுவா முக்கியம்?

"நாற்பதுல அஞ்சு போயிடுச்சு" என்றான். "மாசக் கடைசியில எண்ணிப் பாக்க வருவாங்க. முப்பதுக்குக் கீழ போனா குழியெல்லாம் மூடி கார் நிறுத்த விட்டுடுவாங்க. தெரியும்ல?"

"தெரியும். தினமும் ஒரு வாளி தண்ணின்னு ஆறு மொழியிலயும் சரியாத்தான் இருக்கு. மொழிக்கு ரெண்டு பேரை வெச்சு சரிபார்த்திருக்கேன்."

"ஒரு வாளிக்கு வேர் அழுகாதுங்க."

"அப்ப நீங்க தோண்டின குழியிலதான் ஏதோ கோளாறு."

அவன் முகம் சுருங்கியது. "குழி தோண்ட எனக்கு யாரும் கத்துத்தர வேணாம், மேடம்." கன்றைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். மேலே இருந்த பிரசுரத்தில் சேற்று வட்டம் ஒன்று மிச்சம்.

மூன்று நாள் கழித்து அக்கா பொறுமை இழந்தாள். அக்காவுக்கு மருந்துக்கடையில் வேலை, இருவரும் ஒரே வீட்டில்தான் இருக்கிறார்கள். "வேளைக்கு ஒரு தடவை மாத்திரை மாதிரி அந்த ஆளைத் திட்டுறே. போய் அந்தத் தெருவைத்தான் ஒரு தடவை பாத்துட்டு வாயேன்டி."

மறுநாள் காலை ஆறு மணிக்கு அந்தத் தெருவின் நடுவில் இருந்த பஸ் நிறுத்தத்தில் போய் உட்கார்ந்தாள். எதிரே இருபதாவது கன்று. கீழ்வீட்டிலிருந்து ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் வாளியோடு வந்தார். கடிகாரத்தைப் பார்த்தார், ஊற்றினார், போனார். கால் மணி நேரத்தில் மாடியிலிருந்து தையல்காரம்மா ஒரு வாளியோடு இறங்கினாள். பிறகு இரண்டு கல்லூரிப் பெண்கள் ஒரே வாளியை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு வந்தார்கள். பிறகு இடுப்பில் குழந்தையோடு ஒரு ஆள். எட்டு மணிக்குள் ஆறு வாளி. ஊற்றிய ஒவ்வொருவர் முகத்திலும், நான் இல்லாவிட்டால் இந்த மரம் என்ன ஆகும் என்ற பெருமை.

மொழிக்கு ஒன்றாக ஆறு மாலைகளில் ஆறு கூட்டம் நடத்தியவள் அவள்தான். ஒவ்வொரு கூட்டத்தின் முடிவிலும் நெஞ்சில் கைவைத்து, 'இது உங்கள் மரம், நீங்கள் பார்க்காவிட்டால் பார்க்க ஆளில்லை' என்று சொன்னதும் அவள்தான். எல்லோரும் நம்பியிருக்கிறார்கள். அவள் வேலையில் இதுவரை கிடைத்த பெரிய வெற்றி அது. அதனால்தான் கன்றுகள் செத்துக்கொண்டிருந்தன.

ஒப்புக்கொள்ள வேண்டும், அதுவும் அந்த ஆளிடம். இரண்டு நாள் தள்ளிப்போட்டாள். அதற்குள் இன்னும் இரண்டு கன்று போனது. மூன்றாம் நாள் நாற்றுப்பண்ணைக்குப் பஸ் ஏறினாள்.

அவன் குழாயைப் பிடித்து நாற்றுகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தான். அவள் நடந்ததைச் சொல்லி முடித்து, "தப்பு என்னோடதுதான். சிரிக்கணும்னா சிரிச்சுக்கோங்க" என்றாள்.

அவன் சிரிக்கவில்லை. குழாயை மூடினான். "நீங்க சொன்னதும் ரோஷத்துல ரெண்டு குழியைத் தோண்டிப் பாத்தேன். அடியில களிமண். தண்ணி இறங்க வழியில்ல. சரளை போட்டிருக்கணும்... போடல. நேத்தே வந்து சொல்லியிருப்பேன், வாய் வரல."

இப்போது இருவருக்கும் சிரிப்பு வந்தது.

"இன்னொரு பிரசுரம் போட்டுடவா?"

"போடுங்க. எல்லாரும் படிச்சிட்டு, எல்லாரும் சேர்ந்து நிறுத்திடுவாங்க. அப்புறம் காய்ஞ்சு சாகும்."

அவள் சுற்றிலும் பார்த்தாள். மூலையில் உரவாளிகளின் வெள்ளை மூடிகள் குவிந்து கிடந்தன. அன்று மாலைக்குள் அவற்றின் ஒரு பக்கம் நீலமானது. கன்றின் முட்டுக்கம்பில் ஒரு மூடி தொங்கும். முதலில் ஊற்றுகிறவர் அதை நீலத்துக்குத் திருப்ப வேண்டும். நீலம் என்றால் போதும், வாளியோடு வீட்டுக்குப் போகலாம். இந்த முறை ஆறு மொழிக்காரர்களையும் ஒரே கூட்டத்தில் உட்காரவைத்துச் செய்து காட்டினார்கள். டிரைவர் தையல்காரம்மாவைப் பார்த்து, நீங்களுமா என்பது போலக் கையை விரித்தார்.

அவன் குழிகளின் ஓரத்தில் கடப்பாரையால் துளை போட்டுச் சரளை நிரப்பினான். மாலையில் மூடிகளை மீண்டும் வெள்ளைக்குத் திருப்ப ஆள் வேண்டுமே? தெருவின் ஒரு முனையிலிருந்து அவள், மறுமுனையிலிருந்து அவன். சந்திப்பது இருபதாவது கன்றில். முதல் வாரம் அங்கே வந்து சேர அரை மணி நேரம் ஆனது. இரண்டாவது வாரம் பத்தே நிமிடம்... மூடி சரியாகத் தொங்குகிறதா என்று யாரும் பார்த்த மாதிரி தெரியவில்லை. வந்து சேர்ந்த பிறகு கிளம்ப மட்டும் ஒரு மணி நேரம் ஆனது.

மாதக் கடைசியில் எண்ணினார்கள். முப்பத்திரண்டு. தெரு பிழைத்தது. மாலை வேலையை டிரைவரும் தையல்காரம்மாவும் பங்கு போட்டுக்கொண்டார்கள்.

"அப்ப... நம்ம வேலை முடிஞ்சுது" என்றான் அவன்.

"ஆமா."

"வர்றேன்."

"ம்."

அதற்குப் பிறகு பஸ் வரும்வரை இருவரும் அதே இடத்தில்தான் நின்றார்கள்.

"நீயா போய்ச் சொல்லேன்" என்றாள் அக்கா.

"போன தடவை நான்தான் போய்ச் சொன்னேன். இந்தத் தடவை அந்த ஆள் முறை."

ஒரு வாரம் ஓடியது. அந்த ஆள் வரவில்லை. அவளுக்கு அழுகை வந்தது, அக்காவிடம் ஜலதோஷம் என்றாள். அக்கா மாத்திரை கொண்டுவந்து கொடுத்தாள்.

ஒன்பதாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, விடியும்போதே மழை. கன்று நட்டதிலிருந்து அதுதான் முதல் மழை. ஜன்னல் கண்ணாடியில் வழிந்த நீரைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தவள் சட்டென்று எழுந்து உட்கார்ந்தாள். மழை பெய்தால் என்ன செய்வது என்று யாருக்குமே சொல்லவில்லையே... அந்த டிரைவர் குடையைப் பிடித்துக்கொண்டு வந்தாவது ஊற்றிவிடுவார்.

"எங்கேடி இந்த மழையில?"

"மூடியைத் திருப்பணும்க்கா."

அக்கா போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள். "திருப்பு, திருப்பு."

குடையும் அவளுமாக ஓடினாள். ஒவ்வொரு மூடியாக நீலத்துக்குத் திருப்பிக்கொண்டே போனாள். பன்னிரண்டாவது கன்றில் நிமிர்ந்து பார்த்தவள் நின்றுவிட்டாள். தெருவின் அந்தப் பக்கம் மூடிகள் ஏற்கெனவே நீலமாக இருந்தன. தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு ஒருவன் குனிந்து குனிந்து வந்துகொண்டிருந்தான்.

இருபதாவது கன்றில் இருவரும் நின்றார்கள். அவன் இமைகளில் மழை நின்றது.

"நீங்க எதுக்கு வந்தீங்க?" என்றாள்.

"மழைன்னா நீலம்னு யாருக்கும் சொல்லலையே. அதான்."

"நானும் அதுக்குத்தான்."

மூடி இருவருக்கும் நடுவே வெள்ளையாகவே தொங்கியது. யாரும் தொடவில்லை.

"இல்லைங்க... அது பொய்" என்றான் அவன். "ஒன்பது நாளா வானத்தைத்தான் பாத்துக்கிட்டிருந்தேன். மழை வந்தா நீங்க வருவீங்கன்னு தெரியும்."

"மழை வராமலே இருந்திருந்தா?" என்றாள்.

"பாத்துக்கிட்டேதான் இருந்திருப்பேன். எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. உங்களை மாதிரி எனக்குப் பேச வராது. அதான் இத்தனை நாள்..."

"எனக்கும்தான். பிடிச்சிருக்கு" என்றாள். "சொல்றதுக்கு எனக்கும் வாய் வரல."

குடையை அவன் பக்கம் நீட்டினாள். சாக்கு கீழே விழுந்ததை அவன் கவனிக்கவில்லை.

கீழ்வீட்டுக் கதவு திறந்தது. ஒரு கையில் குடை, மறு கையில் நிறைந்த வாளி. டிரைவர் நேராகக் கன்றிடம் வந்தார். வெள்ளையாகத் தொங்கிய மூடியைப் பார்த்தார். ஒரே குடைக்குள் நின்ற இருவரையும் பார்த்தார். வாளியைக் கீழே வைத்துவிட்டு, அவர்களுக்கு நடுவே மெதுவாகக் கையை நீட்டி மூடியை நீலத்துக்குத் திருப்பினார். பிறகு நிறைந்த வாளியைத் தூக்கிக்கொண்டு வந்த வழியே வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.