வாசலுக்கு மேலே ஒரு துவாரம்

எண்பத்தேழில் இட ஒதுக்கீடு கேட்டு சாலை மறியல் நடந்த வாரம். கச்சிராயபாளையத்திலிருந்து கள்ளக்குறிச்சி வரை மரங்களை வெட்டிச் சாய்த்திருந்தார்கள். பஸ் கிடையாது. அதனால்தான் ராசு தன் நிறைமாத மனைவி சின்னப்பொண்ணை மாட்டுவண்டியில் என்னிடம் கொண்டுவந்தான்.

நான் மலையடிவாரத்து நர்ஸ். அந்தக் காலத்தில் மலையை ஆண்ட ஜாகிர்தார் ஒருவர் கட்டிய மூன்றடுக்குக் கல்மச்சு வீடுதான் எங்கள் பிரசவ விடுதி. அரசாங்கம் கீழ்த்தளத்துக்கு வெள்ளையடித்து, சிவப்பு முக்கோணம் வரைந்து, மாடிப்படியைச் செங்கல் வைத்து அடைத்திருந்தது. ஒரே வாசல். அதற்கு நேர் மேலே ஒரு சதுரத் துவாரம். எதிரி நுழைந்தால் அதன் வழியாகக் கொதிக்கிற எண்ணெயை ஊற்றுவார்களாம்.

ஊர்க்காரர்கள் இன்னும் அதன் கீழே நின்று, எத்தனை பேர் வந்திருக்கிறோம் என்று மேலே பார்த்துச் சொல்லிவிட்டுத்தான் நுழைவார்கள். சொன்னால் மேலே இன்னும் இருக்கிற பழைய காவல்காரன் ஒன்றும் செய்ய மாட்டானாம்; கணக்கில் வராத ஆளை எதிரி என்று பிடித்துக்கொள்வானாம். எனக்குச் சிரிப்பாக வரும்.

"ரெண்டு பேருங்க," என்றான் ராசு.

பெருக்கிக்கொண்டிருந்த ஆயா ஜெயம்மாள் துடைப்பத்தைப் போட்டாள். "இன்னாய்யா நீ! வயித்துல இருக்கறத யாரு சொல்றது?"

"சும்மா இரு ஜெயம்மா. அவ வலியில துடிக்கிறா," என்று அதட்டினேன். அன்றைக்கு என் வாயை மூடியிருக்கலாம்.

நடுப்பகல். பிள்ளையின் தலை தெரிந்தபோது மாடியில் யாரோ நடந்தார்கள்.

அடைத்த மாடியில்.

பிறகு எண்ணெய் காய்கிற வாசம்.

ஆண் பிள்ளை. வீல் என்று அழுதான், எனக்கு உயிர் வந்தது. ஆனால் சின்னப்பொண்ணுக்கு ரத்தம் நிற்கவில்லை. கள்ளக்குறிச்சிக்குக் கொண்டுபோயே ஆக வேண்டும். விஷயம் தெரிந்து மறியல்காரர்களே மரத்தைப் புரட்டி வழிவிட்டார்கள்.

"இந்த வாசல் வேணாங்க நர்சம்மா," என்று ராசு கெஞ்சினான். வேறு வாசல் ஏது? அவனும் ஜெயம்மாளும் அவளைப் போர்வையில் கிடத்தித் தூக்கிப் போனார்கள். நான் பிள்ளையை அணைத்து, குனிந்து, துவாரத்துக்கு முதுகைக் காட்டி ஓடினேன்.

ஒன்றும் விழவில்லை.

வெயிலில் நின்று, அப்பாடா என்று துணியை விலக்கினேன். பிள்ளை முகம் சிவந்து, வாயை அகலத் திறந்து அழுதுகொண்டிருந்தான்.

சத்தமே இல்லை.

சத்தம் மாடியிலிருந்து வந்தது.

ராசு நிமிர்ந்து பார்த்தான். "எம்புள்ள மேல அழுவுதுங்க..."

தாய் பிழைத்தாள். பிள்ளையும் பிழைத்தான், ஊமையாக. கல்மச்சு இப்போது ரேஷன் கடை. பதினாறு வருஷம் கழித்து, போன மாசம் அரிசி வாங்கப் போனேன். மாடியில் யாரோ "அம்மா" என்று கூப்பிட்டார்கள்.

மீசை முளைக்கிற வயசுக் குரல்.