வேறொன்று வரும்வரை

குகன் அன்று எதற்கும் மறுத்துப் பேசவில்லை.

சாம்பாரில் உப்புக் குறைந்தால்கூட அரை மணி நேரம் வழக்காடுகிற மனிதர், காலையில் கிள்ளான் துறைமுகத்திலிருந்து திரும்பியதிலிருந்து "ம்" என்பதோடு நிறுத்திக்கொண்டார். பிரிக்பீல்ட்ஸ் தெருவில் பகல் மழை கொட்டிக்கொண்டிருக்க, நாலு வயது மகள் தாராவை மடியில் தூங்கவைத்துக்கொண்டு, ஓடாத டிவியைப் பார்த்தபடி ஹாலில் உட்கார்ந்திருந்தார். காலையில் நனைந்த சட்டை இன்னும் காயவில்லை. அதிலிருந்து கிளம்பிய துறைமுகத்துச் சேற்று வாடை மனைவி வாணியின் மேசைவரை வந்தது.

அவளுக்கு வேலை இருந்தது. அவள் கம்பெனி செய்கிற கணினிப் பெட்டிக்குத் திரை கிடையாது. திரை இல்லையென்றால் அதன் கெர்னல் என்கிற அடிப்படை மென்பொருள் எழுந்திருக்க மறுத்தது. அதனால் திரை இருப்பதாக நடிக்கும் போலி டிரைவர் நிரல் ஒன்றை எழுதிக்கொண்டிருந்தாள். எதை அனுப்பினாலும் வாங்கிக்கொள்ளும். எதையும் காட்டாது. உண்மையான திரை வந்ததும் இடத்தை விட்டுக்கொடுத்துவிடும்.

சோதிப்பதற்குக் குப்பைத் தரவை அனுப்பிப் பார்ப்பாள். உண்மையான திரை என்றால் முரண்டு பிடிக்கும். போலி விழுங்கிவிட்டுச் சும்மா இருக்கும்.

விரல்கள் நின்றன. குகன் பக்கம் திரும்பினாள்.

"ஏங்க, உயிரா வச்சிருக்கீங்களே, அந்த மோட்டார் சைக்கிள். அத பக்கத்து வீட்டு ராஜன் அண்ணன்கிட்ட சும்மா குடுத்துட்டேன்."

"ம்."

"தாராவ கூட்டிட்டு அம்பாங்ல எங்கம்மா வீட்டுக்கே போறேன். இனிமே வரமாட்டோம் லா."

"ம்."

"நமக்குப் பிள்ளையே கிடையாதுல்ல?"

"ம்."

அதே நீளம். அதே சுருதி.

எழுந்தாள். பிள்ளையை வாங்கிவிட வேண்டும். அது போதும். தாராவின் அக்குளுக்கடியில் கை கொடுத்தாள். தூக்க முடியவில்லை. அவர் கைகள் பிள்ளையை இறுக்கவில்லை, மேலே கிடந்தன. அம்மிக்கல் கனம்.

"பாப்பாவ குடுங்க."

"ம்."

கைகள் அசையவில்லை.

மாடிப்படியில் சேற்று வாடை. இன்னும் கனமாக. வாசலின் இரும்புக் கிரில் பூட்டு சாவியில்லாமலே திறந்தது.

அப்போதுதான் அவர் எழுந்தார். சோபாவில் உட்கார்ந்த குழியே இல்லை. பிள்ளையை இரண்டு கைகளிலும் ஏந்தி நீட்டினார். வாணியிடம் அல்ல. வாசலுக்கு.

தாரா கண் விழித்தாள். சிரித்தாள்.

"அப்பா."

வாசலில் வந்து நின்றதற்கும் குகனின் முகம்தான். கதவு நிலையில் தலை இடிக்காமலிருக்க, அது நெடுநேரம் குனிந்துகொண்டே இருந்தது.