பாசித்தாள் இயந்திரத்தின் கதவு

கடற்கரை ஊரான ஜெராமில் அந்தக் கடற்பாசித் தொழிற்சாலைக்கு நான் போய்ச் சேர்ந்தபோது மதியம் இரண்டு மணி. வெளியே நல்ல வெயில். உள்ளே உப்பும் சேறும் கலந்த வாடை மூச்சை அடைத்தது.

அரைத்த பாசியைச் சிறு பாய்களில் பரப்பி, உருளைகளால் நீரைப் பிழிந்து, சூட்டறையில் காயவைத்து, தாள் தாளாக உரித்துத் தரும் இயந்திரம் அது. பழுது பார்ப்பவன் நான்.

“கதவு மூடித்தான் இருக்கு. ஆனா தொறந்திருக்குன்னு காட்டி நின்னுடுது,” என்றாள் சூப்பர்வைசர் கிளாடிஸ். “போன தடவ மாதிரி ஒட்டிட்டுப் போ லா, ஆன்ட்ரூ.”



உருளைப் பெட்டியின் கதவைத் திறந்தால் இயந்திரம் தானாக நிற்க வேண்டும். கதவு சென்சரில் ஒரு காந்தத்தை ஒட்டிவிட்டால் நிற்காது. நின்றால் பாசி வீண் என்று எல்லா இடத்திலும் செய்கிற வேலைதான். நானும் ஒட்டினேன். பத்தாம் நாள், கோணிய பாயை நேராக்கக் கையை உள்ளே விட்ட, இங்கே வேலை செய்த அமராவதி அக்காவை உருளைகள் இழுத்துக்கொண்டன. அங்கேயே உயிர் போய்விட்டது. அதிகாரிகள் வருவதற்குள் கிளாடிஸ் காந்தத்தை எடுத்துவிட்டாள். பழி அக்காவின் தலையில் விழுந்தது. வேலை போய்விடுமோ என்று பயந்து நான் வாயே திறக்கவில்லை. கோழைப் பயல் நான்.

இப்போது அதே இடத்தில் நித்தியா நின்றாள். வேலைக்கு வந்து மூன்று நாள்தான். அவளுக்கு ஒன்றும் தெரியாது.

ஒட்டினேன்.

இயந்திரம் ஓடியது. சேற்று வாடைக்கு நடுவே ஈரத் தலைமுடியின் வாடை வந்தது. ஐந்தாவது பாய் கோணிக்கொண்டு வந்தது.

“தொறந்து நேராக்கு!” கிளாடிஸ் அதட்டினாள்.

நித்தியா கதவைத் திறந்தாள். கையை நீட்டியவள் அப்படியே நின்றாள்.

“அண்ணே... உள்ள யாரோ மூச்சு விடறாங்க.”

அவளைப் பின்னால் தள்ளிவிட்டுக் காந்தத்தைப் பிய்த்தெறிந்தேன்.

இயந்திரம் நிற்கவில்லை.

ஈரமான ஐந்து விரல்கள் என் வலது மணிக்கட்டைப் பற்றின. உருளைகளை நோக்கி இழுத்தன. இடக்கையால் இயந்திரத்தை நிறுத்தும் சிவப்புப் பொத்தானை அடித்தேன். பயனில்லை.

“அக்கா! நான்தான் ஒட்டுனேன்! கிளாடிஸ் சொல்லி நான்தான் ஒட்டுனேன்!”

உருளைகள் நின்றன. கிளாடிஸின் முகம் வெளுத்தது. நித்தியா எங்கள் இருவரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, கையுறைகளைக் கழற்றிப் போட்டு வெளியே போனாள்.

மறுநாள் அதிகாரிகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தொழிற்சாலைக்குப் பூட்டுப் போட்டார்கள். அக்காவின் மனம் ஆறியிருக்கும் என்று நம்பினேன்.

வாக்குமூலத்தில் இடக்கையால்தான் கையெழுத்துப் போட முடிந்தது. வலக்கையை அக்கா இன்னும் விடவில்லை.